இரண்டு சீட் மொட்டைக் கார்

திருவண்ணாமலை கலெக்டர் ஆபீசில் மாலினி மேடத்திடம் ஒரு காரியம் நடக்குமா நடக்காதா என்று தெரிந்துகொள்ள அதிக நேரம் உட்கார வேண்டியதில்லை. "நாளைக்கு வாங்க" என்று சொன்னால் நாளைக்கே முடிந்துவிடும். "பார்க்கலாம்" என்றால் கொஞ்சம் அலைய வேண்டியிருக்கும், ஆனால் முடியும். "பரிசீலனைல இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டால், வந்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடிப்பது உத்தமம். அது இந்த ஜென்மத்தில் நடக்காது. இது ஆபீஸ் இருக்கிற வேங்கிக்காலில் டீக்கடைக்காரர் வரைக்கும் எல்லாருக்கும் தெரியும்.

வீட்டிலும் அதே கதைதான். அவளுடைய கணவர் தரணேந்திரன் கீழ்பென்னாத்தூரில் வேர்க்கடலை உடைக்கும் மில் வைத்திருந்தார். சாதுவான மனுஷர். நாலு வருஷமாக ஞாயிற்றுக்கிழமைதோறும் சமையலறை வாசலில் வந்து நின்று, "மாலினி, ஒரே ஒரு ரவுண்டு போயிட்டு வரலாமா?" என்று கேட்பார். ஜ்வாலாமாலினி என்கிற மாலினி, கடுகு தாளித்துக்கொண்டே, திரும்பிப் பார்க்காமல் சொல்வாள்: "பரிசீலனைல இருக்கு."

ரவுண்டு என்று அவர் சொன்னது மொட்டைக் காரில். ஊரே அதற்கு அந்தப் பெயரைத்தான் வைத்திருந்தது. கூரை கிடையாது. மழை வந்தால் இழுத்து மூட ஒரு துணி உண்டு, அவ்வளவுதான். சிவப்பு நிறம், முழங்கால் உயரம், இரண்டே சீட். எழுபதுகளில் ஆசிரமத்துக்கு வந்த ஓர் ஆங்கிலேயர் லண்டனிலிருந்து தரைவழியாகவே அதை ஓட்டிக்கொண்டு வந்தாராம். வந்தவருக்கு மலையைப் பார்த்ததும் கார் மேலிருந்த பற்று விட்டுப் போய்விட்டது. அடி அண்ணாமலையில் ஒரு மாட்டுக்கொட்டகையில் அதை நிறுத்திவிட்டு வெறுங்காலோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். அவரை விட்ட பற்று சும்மா போகவில்லை, இருபத்தைந்து வருஷம் காத்திருந்து தரணேந்திரனைப் பிடித்துக்கொண்டது. ஆர்.டி.ஓ. ஆபீசுக்கும் மெட்ராசுக்குமாக அலைந்து, கொட்டகையிலிருந்து அதை மீட்டு, ஓட வைத்தும்விட்டார். அதில் எல்லாமே இங்கிலாந்துக் கணக்கு. ஒரு நட்டைக் கழற்ற நம் ஊர் ஸ்பானர் சேராது.

மாலினிக்கு அந்தக் காரைக் கண்டாலே ஆகாது. அதற்கு அவளிடம் நியாயங்கள் இருந்தன. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருக்கிற ஒரு பொம்பளை, காய்கறி வண்டியில் வைத்த பூசணிக்காய் மாதிரி ஊர் பார்க்க உட்கார்ந்து போவதா? அதை விடுங்கள். கார் வந்த நாளில் வீட்டில் மூன்று பேர். மகள் சுருதி அப்போது பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தாள். மூன்று பேர் இருக்கிற வீட்டுக்கு இரண்டு சீட் காரைக் கொண்டு வருகிறவரை என்னவென்று சொல்வது? யாரை வீட்டில் விட்டுவிட்டுப் போவதாக உத்தேசம்? மாலினி இதை அன்றைக்கே கேட்டாள். அப்புறம் ஞாயிற்றுக்கிழமை ஆனால் மனுஷர் காருக்கு அடியில் போய்விடுவார். இரண்டு கால்கள் மட்டும் வெளியே தெரியும். காபி கொண்டு போனால் அந்தக் கால்களிடம்தான் பேச வேண்டும்.

அதனால்தான் இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் பிப்ரவரியில், இந்த மாதிரி கார் வைத்திருப்பவர்களின் கிளப் ஒன்று தங்கள் சனி ஞாயிறு கூட்டத்தைத் திருவண்ணாமலையில் நடத்தப் போவதாக வந்த செய்தியைத் தரணேந்திரன் வாயெல்லாம் பல்லாக வந்து சொன்னபோது, மாலினி ஒரு நிபந்தனை போட்டாள்.

"தாராளமா போங்க. ஆனா கூட்டம் முடிஞ்ச கையோட வண்டிய வித்துடணும்."

அவர் கையிலிருந்த துணியை மடித்தார், பிரித்தார். "சரி" என்றார்.

அவ்வளவுதான். அந்த ஒற்றைச் 'சரி' மாலினிக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். மனம் மாறுவதற்குள் கிளப்பின் செயலாளர் புகழேந்திக்கு அவளே போன் போட்டாள். அவரும் பெங்களூர்க்காரர் ராமகிருஷ்ணன் என்பவரைப் பிடித்துக் கொடுத்தார். பேச்சு முடிந்தது. ஞாயிற்றுக்கிழமை மாலை பரிசளிப்பு ஆனதும் சாவி கை மாறும்.

கூட்டத்துக்கு வேங்கிக்காலில் ஒரு கல்யாண மண்டபத்தைப் பிடித்திருந்தார்கள். முந்தின நாள் முகூர்த்தத்துக்குக் கட்டிய வாழைமரம் அப்படியே நிற்க, அதற்கு நடுவே மெட்ராஸ், பெங்களூர், பாண்டிச்சேரியிலிருந்து வந்த கார்கள் மாப்பிள்ளைகள் மாதிரி ஒவ்வொன்றாக உள்ளே நுழைந்தன. மஞ்சள், பச்சை, வெள்ளை என்று பன்னிரண்டு கார். எல்லாம் இரண்டு சீட். வேடிக்கை பார்க்க ஊர் திரண்டுவிட்டது. வாசலில் பழக்காரி எல்லம்மாள் எலுமிச்சம்பழக் கூடையோடு கடை போட்டுவிட்டாள்.

"வண்டிக்கு நாலு பழம், சக்கரத்துக்கு ஒண்ணு. இம்மாம் அழகா கீதே, கண்ணு பட்டா இன்னா பண்ணுவே?" என்று பாண்டிச்சேரிக்காரரை மடக்கினாள். அவர் மறுபேச்சு பேசாமல் வாங்கி, நாலு சக்கரத்துக்கும் வைத்து நசுக்கினார். அதைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். பத்து மணிக்கெல்லாம் எல்லம்மாளின் கூடை காலி.

மாலினி ஒரு பார்வையாளராகத்தான் அங்கே போனாள், அதுவும் தன்னுடைய மாருதியில். போன இடத்தில் சும்மா இருக்க முடிந்ததா? சனிக்கிழமை காலை முதல் சுற்று, மலையைச் சுற்றி வருவது. புகழேந்தி போட்டு வைத்திருந்த வரைபடத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வலம் வர வேண்டிய மலையை இடது கைப்பக்கம் வைத்துச் சுற்றுவதாகப் போட்டிருந்தார்.

"சார், நாங்க ஜைனங்க. எங்க சாமி வேற, கோயில் வேற. ஆனா இந்த ஊர்ல மாடுகூட மலைய இப்படிச் சுத்தாது. திருப்பிப் போடுங்க."

புகழேந்தி பதறிப்போய் திருப்பிப் போட்டார். அதிலிருந்து எதற்கெடுத்தாலும், "மேடத்தைக் கேளுங்க" என்று ஆகிவிட்டது.

சனிக்கிழமைச் சுற்றிலும் ஞாயிறு காலைச் சுற்றிலும் புள்ளிகளில் முன்னால் நின்றது யார் தெரியுமா? நம்ம தரணேந்திரன். இந்தப் போட்டியில் வேகத்துக்கு மதிப்பில்லை. சொன்ன வேகத்தில், சொன்ன நேரத்துக்கு, பிசகாமல் வந்து சேர வேண்டும். முன்னால் வந்தாலும் தப்பு, பின்னால் வந்தாலும் தப்பு. நிதானத்துக்கென்றே பிறந்த மனுஷருக்குச் சொல்லவா வேண்டும்! மேடையில் வெள்ளியில் ஒரு கேடயம் பளபளவென்று நின்றது. அவர் அதைப் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டிருந்ததை மாலினி பார்த்தாள்.

சாயங்காலம் நாலரை மணிக்குப் புகழேந்தி மைக்கைப் பிடித்தார். "கடைசிச் சுற்று, லேடீஸ் சுற்று! பெண்கள் ஓட்டணும், கூட வர்றவர் வழி சொல்லணும். கீழ்பென்னாத்தூர் போய்த் திரும்பணும். வேகம் நாற்பது. கூடவும் கூடாது, குறையவும் கூடாது. இதுல கலந்துக்கலைன்னா கேடயம் கிடையாது!"

தரணேந்திரன் அவள் பக்கம் திரும்பவே இல்லை. செருப்பு நுனியால் மண்ணைக் கீறிக்கொண்டு நின்றார். கேட்கவும் இல்லை. கேட்டால் என்ன பதில் வரும் என்பது தெரிந்ததுதானே.

மாலினி அந்தச் செருப்பையே பார்த்தாள். 'போனால் போகிறது, இன்றைக்கு ஒரு நாள் கூத்து. அந்தக் கேடயத்தையாவது வாங்கிக்கொண்டு போகட்டும் பாவம்' என்று நினைத்தாள். சேலை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "சாவியக் கொடுங்க" என்றாள்.

ஒரே ஒரு கவலைதான். சாப்பாடு. ஜைனர்கள் என்பதால் பொழுது சாய்ந்தபின் சாப்பிடுவது அவர்கள் குடும்பத்தில் கிடையாது. மண்டபத்தில் விருந்து ராத்திரி எட்டு மணிக்கு. அதனால் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டி, மாருதியின் பின்சீட்டில் வைத்திருந்தாள். மொட்டைக் காரில் ஒரு டப்பா வைக்கக்கூட இடம் கிடையாது.

"பொழுது போறதுக்குள்ள வந்துடலாமில்ல?"

"நாற்பதுல போனா நல்லாவே வந்துடலாம்" என்றார் அவர்.

உட்கார்ந்ததும் அவளுக்குத் தரையில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சாலை கைக்கெட்டும் தூரத்தில் ஓடியது. முதல் கியர், இரண்டாவது, மூன்றாவது. எதிரே பெரிய வட்டத்தில் முள் ஏறி நாற்பதைத் தொட்டது. அங்கேயே நிறுத்திப் பிடித்தாள். பதினெட்டு வருஷம் கோப்புகளைப் பிடித்த கை, சொன்னால் சொன்னபடி நிற்கும்.

காற்று காதில் அறைந்தது. கொண்டை அவிழ்ந்தது.

"என்னங்க, நாற்பதே இவ்ளோ வேகமா இருக்கு?"

"கூரை இல்லல்ல. அப்படித்தான் தெரியும்" என்றார் தரணேந்திரன், எதிர்ப்பக்கக் கரும்புத் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டே.

ஊர் எல்லையைத் தாண்டியதும் அவள் பயந்தது நடந்தது. எதிரே மொபெட்டில் வேடியப்பன் வந்தான். அவளுடைய ஆபீஸ் பியூன். முதலில் காரைப் பார்த்தான். அப்புறம் ஓட்டுகிறவளைப் பார்த்தான். வாய் தன்னால் பிளந்தது. ஒரு கையைத் தூக்கி சல்யூட் அடிக்கப் போய், மொபெட் தள்ளாடி, காலை ஊன்றிச் சமாளித்து, "மேடம்! நீங்களா!" என்று கத்தினான்.

நாளைக்கு ஆபீஸ் முழுக்க இதே பேச்சாகத்தான் இருக்கும். மாலினிக்கு உடம்பெல்லாம் கூசியிருக்க வேண்டும். ஆனால் அவள் கையைத் தூக்கி அவனுக்கு டாட்டா காட்டினாள். காட்டிவிட்டுச் சிரித்தாள். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியவில்லை, நிறுத்தவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கடைசியாக இப்படி எப்போது சிரித்தோம் என்று யோசித்தால் அதுவும் ஞாபகம் வரவில்லை. சுருதி ஹாஸ்டலுக்குப் போன ஜூன் மாதத்துக்கு அப்புறம் வீட்டில் டிவி மட்டும்தான் சத்தமாகச் சிரித்துக்கொண்டிருந்தது.

முன்னால் மஞ்சள் கார் ஊர்ந்து போயிற்று. மாலினி ஹாரன் அடித்துத் தாண்டினாள். கொஞ்ச தூரத்தில் பச்சைக் கார். அதையும் தாண்டினாள். பிறகு ஒரு டவுன் பஸ்ஸைத் தாண்டியபோது ஜன்னலோரம் இருந்தவர்கள் விசில் அடித்தார்கள்.

"இவங்கெல்லாம் ஏங்க இப்படி ஊர்றாங்க? நாற்பதுகூடப் போக மாட்டேங்கறாங்க!"

"புது ரோடு. பயமா இருக்கும்."

கீழ்பென்னாத்தூரில் அட்டையில் சீல் போட ஒரு மேஜையைப் போட்டு, அன்பரசன் என்கிற பையனை உட்கார வைத்திருந்தார்கள். மேஜைதான் இருந்தது, ஆளில்லை. எதிர்க்கடையிலிருந்து டீ கிளாசோடு ஓடி வந்தான்.

"டியூட்டி நேரத்துல டீயா?" என்று மாலினி ஆபீஸ் குரலில் அதட்டினாள்.

"இல்ல மேடம், இன்னும் டைம்…"

"சீல் போடுப்பா, சீல் போடு" என்று தரணேந்திரன் அவசரமாக அட்டையை நீட்டினார்.

வண்டி திரும்பியதும், "என்னமோ சொல்ல வந்தானே?" என்றாள்.

"டீ சாப்பிடறீங்களான்னு கேட்க வந்திருப்பான்."

திரும்புகையில் எதிரே மலை. ஒரு கிராமத்தில் சாலை நிறையக் கொள்ளுச் செடியைக் காயப் போட்டிருந்தார்கள், போகிற வண்டிகள் மிதித்துக் கொடுக்கட்டும் என்று. எதிரே வந்த வெள்ளைக் கார் அதன் முன் நின்று, அடிவயிறு தட்டுமே என்று தவித்துக்கொண்டிருந்தது. மாலினி ஒரு சக்கரத்தை ஓரமாக மண்ணில் இறக்கி, மறு சக்கரத்தைக் கொள்ளின் மேல் விட்டு, கிர்ரென்று போய்விட்டாள். முறத்தோடு நின்ற பெண்கள், "இன்னொரு தபா வாம்மா!" என்று கத்தினார்கள்.

சூரியன் மலையின் தோள் மீது வந்து உட்கார்ந்தது.

"மலைக்குப் பின்னாடி போயிட்டா அஸ்தமனம்தானே? அப்புறம் எப்படிச் சாப்பிடறது?"

"அதெப்படி? மலை மறைச்சா அது மலையோட வேலை. விழுப்புரத்துல இருக்கறவனுக்கு இன்னும் வெயில் அடிக்குது. அஸ்தமனம்னா பஞ்சாங்கத்துல போட்டிருக்கறதுதான்."

"எங்கப்பா வீட்ல மலைய வெச்சுதான் கணக்கு."

"உங்கப்பா வீடு மலையடிவாரத்துல. அங்க சீக்கிரமே மறைஞ்சிடும்."

இருபத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் இதைப் பற்றி அவர்கள் வாதாடியதே இல்லை. மண்டபம் வரும் வரை வாதாடினார்கள். மாலினிக்கு அது பிடித்திருந்தது.

மண்டப வாசலில் முடிவுக் கோட்டைச் சுண்ணாம்பால் அப்போதுதான் போட்டுக்கொண்டிருந்தார்கள். பாதிக் கோட்டின் மேல் மொட்டைக் கார் வந்து நின்றது. புகழேந்தி மேடையிலிருந்து இறங்கி ஓடி வந்தார்.

"என்ன மேடம், ஏதாவது ரிப்பேரா? பாதியில திரும்பிட்டீங்களா?"

மாலினி சீல் போட்ட அட்டையைப் பெருமையோடு நீட்டினாள். அவர் அட்டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார்.

"என்ன ஸ்பீடுல வந்தீங்க?"

"நீங்க சொன்ன நாற்பதுதான். முள் அசையலை."

வாங்கப் போகிறவர் என்ற உரிமையில் ராமகிருஷ்ணன் குனிந்து அந்த வட்டத்தை உற்றுப் பார்த்தார். மங்கிப்போன மூன்று எழுத்தை விரலால் துடைத்தார். "மேடம், இது மைல்ங்க! நாற்பது மைல்னா கிட்டத்தட்ட அறுபத்தஞ்சு கிலோமீட்டர்!"

மண்டபமே சிரித்தது. புகழேந்தி கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, வருத்தமாகத் தலையை ஆட்டினார். இவ்வளவு முன்னால் வந்தால் அத்தனை புள்ளியும் போச்சு. முதலிடத்தில் இருந்தவர்கள் ஒரே சுற்றில் கடைசி இடம். கேடயம் பாண்டிச்சேரிக்குப் போகும்.

மாலினிக்கு முகம் சுண்டிவிட்டது. நேராக மாருதிக்குப் போய், டப்பாவை எடுத்து, பானெட்டின் மேல் வைத்துத் திறந்தாள். மொட்டைக் காரின் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். வெயில் இன்னும் மண்டபத்துக் கோபுர பொம்மைகள் மேல் மஞ்சளாக இருந்தது. தரணேந்திரன் பக்கத்தில் வந்து நின்று, புளியோதரையை எடுத்து வாயில் போட்டார். அவர் முகத்தில் தோற்றவரின் களையே இல்லை. அதைப் பார்த்ததும்தான் அவளுக்குப் பொறி தட்டியது. இந்த வண்டியின் ஒவ்வொரு நட்டையும் தெரிந்த மனுஷர் இவர்.

"உங்களுக்குத் தெரியாதா, அது மைல்னு?"

"தெரியும்."

"தெரியுமா! அப்புறம் ஏங்க சொல்லலை?"

"அது வந்து… பொழுது போறதுக்குள்ள வரணுமேன்னு…"

"பொய் சொல்லாதீங்க. மெதுவா வந்திருந்தாலும் வந்திருப்போம். நீங்களேதானே சொன்னீங்க?"

அவர் கையிலிருந்த சோற்றை உருட்டிக்கொண்டே இருந்தார்.

"வேடியப்பனப் பார்த்ததுலேர்ந்து நீ சிரிச்சிக்கினே வந்தே" என்றார். "நடுவுல போய் மைலு, கிலோமீட்டர்னுட்டு. எதுக்கு?"

வாயைத் திறந்தால் ஏதாவது அசட்டுத்தனமாக வந்துவிடும் என்று மாலினிக்குத் தோன்றியது. தயிர்சாதத்தைக் கிளறினாள். எதிரே வாழைமரத்தடியில் மொட்டைக் கார் நின்றது, புழுதி படிந்து, கொள்ளுச் சருகு ஒட்டிக்கொண்டு. இரண்டு சீட்டும் காலியாக இருந்தன. மூன்று பேருக்கு இரண்டு சீட் எப்படிப் போதும் என்று அன்றைக்கு எவ்வளவு பெரிய நியாயம் பேசினோம்! இப்போது வீட்டில் எத்தனை பேர்? எண்ணிப் பார்க்கவே வேண்டாம்.

ராமகிருஷ்ணன் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "மன்னிச்சுக்கணும், சாப்பிடற நேரத்துல வந்துட்டேன். இருட்டறதுக்குள்ள பெங்களூர் ரோட்டுல செங்கத்தைத் தாண்டிட்டா நல்லது. பரிசளிப்புக்கு முன்னாடியே சாவிய வாங்கிக்கிட்டா…"

தரணேந்திரன் மாலினியைப் பார்த்தார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவர், "கொடுத்துடும்மா" என்றார் மெல்ல.

மாலினி இடது கையால் இடுப்பைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். சாவி இருந்தது. நிமிர்ந்து, ஆபீஸ் மேஜைக்கு அந்தப் பக்கம் நிற்பவரைப் பார்ப்பது போல ராமகிருஷ்ணனைப் பார்த்தாள்.

"உங்க கோரிக்கை பரிசீலனைல இருக்கு, சார்."

தரணேந்திரனுக்குப் புரையேறியது.

"ஓ, அப்படியா! பரவால்லைங்க, நான் வெயிட் பண்றேன்" என்று ராமகிருஷ்ணன் சந்தோஷமாகத் தலையாட்டினார். பெங்களூர்க்காரர், பாவம், அவருக்கு என்ன தெரியும்?

மேடம் கார் ஓட்டிய அதிசயத்தை இன்னொரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று மொபெட்டைத் திருப்பிக்கொண்டு வந்திருந்த வேடியப்பன், பக்கத்திலேயே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் ராமகிருஷ்ணனின் முழங்கையைத் தொட்டு, தனியாகத் தள்ளிக்கொண்டு போனான்.

"சார், இன்னாத்துக்கு நிக்கிறீங்க? பொழுதோட ஊர் போய்ச் சேருங்க."

தரணேந்திரன் இருமிக்கொண்டே இருந்தார். கண்ணெல்லாம் கலங்கிவிட்டது. இருமலால்தானா என்று யாரும் கேட்கவில்லை. மாலினி அவர் உச்சந்தலையில் தட்டினாள், ஆபீஸ் பியூன் பார்க்கிறான் என்பதை எல்லாம் மறந்துவிட்டு.

"மெதுவா சாப்பிடுங்க. பஞ்சாங்கத்துக் கணக்குப்படி இன்னும் நேரம் இருக்கு" என்றாள். "சாப்பிட்டுட்டு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம்."